தளி மின்னலின் முதுகில் நான் போட்ட சுழி

நம் ஊர் டிசைன் கடைகளுக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, மருமகள் சோறு போடுகிறாளா என்று ஒரு வார்த்தை கிடையாது. நேராக ஒரே கேள்விதான். "அக்கா, டேப்லெட்டுல கோடு வழவழன்னு வரணும்னா ஸ்மூத்திங் எவ்வளவுல வைக்கணும்?"

எண்ணைச் சொல்லிவிட்டால் நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கோ பேச ஆள் வேண்டும். அதனால் எண்ணைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு காளையின் முதுகைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

நான் அடிப்படையில் மவுஸ்காரி. கல்யாணமாகி சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூருக்கு வந்து, தளி ரோட்டில் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பெயர் அடிக்கிற வேலையில் சேர்ந்தவள். யாரும் எனக்கு வரையச் சொல்லித் தரவில்லை. புள்ளி வைப்பேன், வளைப்பேன், இன்னொரு புள்ளி வைப்பேன், இழுப்பேன். அப்படியே பொறுமையாக ஒரு மாம்பழத்தை உருட்டிவிடுவேன். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாம்பழக்கூழ் டின்களுக்கு லேபிள் போட்டுப் போட்டு, மாம்பழத்தில் எனக்கு ஒரு பெயரே வந்துவிட்டது. "மவுஸ்ல இப்பிடி மாம்பழம் போட ஓசூர்லயே ஆள் இல்லீங்க" என்று ஒரு கம்பெனிக்காரர் சொன்னார். அவர் ஓசூரில் வேறு எங்கும் விசாரித்துவிட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த வார்த்தையை நான் பல வருடம் வைத்துத் தின்றேன்.

அப்படி இருக்கும்போது கடைக்கு மதுரையிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். என் மகளைவிடச் சின்னவள். அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவளே போன் போட்டு, "என்னைய எதுக்குக்கா இதுல இழுத்து விட்டீங்க" என்று சண்டைக்கு வருவாள். அவள் சொன்னதற்காக முதலாளி, கம்ப்யூட்டரில் செருகி வரைகிற, திரை இல்லாத ஒரு டேப்லெட்டும் பேனாவும் வாங்கிப் போட்டார். வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. "நீங்களும் கத்துக்கோங்கம்மா" என்று என்னையும் அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

முதல் நாள் பேனாவை வைத்து ஒரு கோடு இழுத்தேன். குனிந்து பார்த்தால் டேப்லெட்டில் கோடு இல்லை. இன்னும் அழுத்தி இழுத்தேன். இல்லை. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

"பொருள் மோசம்போல இருக்குதே, ஒண்ணும் எழுதல" என்றேன்.

மதுரைப் பெண் என் முகவாயைப் பிடித்துத் தூக்கித் திரையைக் காட்டினாள். அங்கே என் மூன்று கோடுகளும் மண்புழு மாதிரி நெளிந்துகொண்டு கிடந்தன.

"கை கீழ, கண்ணு மேலக்கா. கையப் பாக்காதீங்க. அது எங்கிட்டும் ஓடிறாது."

கையைப் பார்க்காமல் கோடு போடுவது, வேறு யாரோ போடுகிற கோட்டை வேடிக்கை பார்ப்பதுபோல இருந்தது. போதாததற்கு என் வளையல் டேப்லெட்டின் ஓரத்துப் பொத்தான்களில் இடித்து, நான் வரைகிற படம் திடீர் திடீரென்று தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். வளையலைக் கழற்றினேன். அப்போதும் கோடு நடுங்கியது. மாம்பழம் வரைந்தால் பலாப்பழத் தோல் வந்தது.

அவள் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். "மணிக்கட்ட ஆட்டாதீங்க. தோள்ல இருந்து கைய மொத்தமா கொண்டு போங்க. எங்க ஆரம்பிக்கணும், எங்க முடிக்கணும்னு முன்னாடியே மனசுல பாத்துட்டு ஒரே இழுப்பா இழுங்க. கோணலாப் போனா அழிச்சிட்டு மறுபடி போடலாம், யாரு கேக்கப் போறா? கோணக் கோட்டப் போயி ஒட்டுப் போட்டுட்டு இருக்காதீங்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றையும் செய்யவில்லை. செய்யாததற்குக் காரணம், அந்த வாரமே எனக்கு ஸ்மூத்திங் கண்ணில் பட்டுவிட்டது.

கை நடுங்கினாலும் கோட்டை வழவழப்பாக்கித் தருகிற அமைப்பு அது; அதை உச்ச அளவுக்கு ஏற்றி வைத்தேன். ஆகா! பேனா முன்னால் போனது, கோடு பின்னாலேயே மெதுவாக வந்தது, குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கயிற்றில் இழுத்துப் போகிற கன்றுக்குட்டி மாதிரி. என் நடுக்கம் எதுவும் அதற்குத் தெரியவில்லை. எண்ணெய் ஒழுகியதுபோல ஒரு வழவழப்பு. ஒரே ஒரு தொந்தரவுதான். நான் அவசரப்பட்டுப் பேனாவைத் தூக்கும்போதெல்லாம், பின்னால் வருகிற கோடு என்னை எட்டிப் பிடிக்கிற வேகத்தில் முனையில் சின்னதாகச் சுருண்டுகொள்ளும்.

"கொக்கி விழுதுக்கா" என்றாள் அவள்.

"அது கொக்கி இல்ல கண்ணு. ஸ்டைலு."

என் கெட்ட நேரம், அந்தச் சமயத்தில் ஒரு காதுகுத்து பேனர் வந்தது. குழந்தையின் தாய்மாமன் படத்துக்கு மீசை வரைந்தேன். இரண்டு முனையிலும் சுருள் விழுந்தது. மாமன் கடைக்கே வந்து கண்ணாடியில் தன் மீசையையும் பேனரில் என் மீசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எம்மீசைய விட இது நல்லாக்கீதுங்க" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு மயில் தோகை, மாவிலை, பாப்பா முடி, எதை வரைந்தாலும் சுருள். பிள்ளைகளே, தப்பாகச் செய்ததற்கு ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டால், அதிலிருந்து மீள்வது ரொம்பக் கஷ்டம்.

அந்தத் தலைக்கனத்தோடு நான் இருந்தபோதுதான் கெம்பம்மா வந்தார்.

தளிக்குப் பக்கத்துக் கிராமம். ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிற வேலை. விரலெல்லாம் முள் கீறல். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். போனில் ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு காளை, கொம்பு பின்பக்கமாகச் சாய்ந்து நீண்டிருந்தது. மொட்டை மாடியில் நின்று எடுத்த படம். மேலிருந்து எடுத்ததால் மாட்டின் முதுகுதான் பெரிதாகத் தெரிந்தது. முகத்தைத் திருப்பி, யாரடா மேலே என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்மூர் எருது விடற விழாவுல இது மொத தடவ ஓடுது அக்கா. பேரு தளி மின்னல். போட்டோ பேனர் எல்லாரும் வெக்கறாங்க. எனக்கு வரைஞ்சு வேணும். இதே மாதிரி, முதுகெல்லாம் நல்லா தெரியற மாதிரி. பின்னால மின்னல் அடிக்கணும்."

"அடிச்சிரலாம்" என்றேன்.

"நெறைய பேர் பாப்பாங்க அக்கா. பாத்து வரைங்க."

என் புகழ் தளி வரைக்கும் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எதற்காக முதுகு தெரிய வேண்டும், எதற்காக நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மீசை வரைந்த கை அல்லவா!

வரைந்தேன். மின்னல் அடித்தது. காளையின் மேல் முடி ஓடுவதைக் காட்ட நீளநீளமாகக் கோடுகள் இழுத்தேன். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் என் ஸ்டைல். முதுகுத்தண்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு சுருள் ஜோடியாக, அழகாக விழுந்தன. அவற்றை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அழிக்காமல் விட்டது மட்டுமல்ல, கொஞ்சம் கறுப்பாக்கியும் வைத்தேன். பிறகு தனித்தனி அடுக்காக இருந்த எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கிவிட்டேன். அப்படிச் சேர்க்காதீர்கள் என்று மதுரைப் பெண் சொல்லியிருந்தாள். அவள் அப்படி நிறையச் சொல்வாள். கெம்பம்மாவின் போனுக்குப் படத்தை அனுப்பினோம். கையகலத் திரையில் அந்தச் சுருள்கள் கொசு உட்கார்ந்தது மாதிரிகூடத் தெரிந்திருக்காது. "சூப்பர் அக்கா" என்று பதில் வந்தது. அச்சடித்துவிட்டோம்.

விழாவுக்கு முந்தின நாள் உச்சிவேளையில் கடை முன்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் தளி மின்னலே நின்றுகொண்டிருந்தது! ஓசூர் மாட்டாஸ்பத்திரியில் விழாவுக்கான தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு, போகிற வழியில் பேனரையும் எடுத்துப் போக வந்திருந்தார்கள். கெம்பம்மாவோடு ஒருவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, இறுகிய முகம். கெம்பம்மாவுடைய கணவரின் அண்ணன். அவரைப் "பாவா" என்றுதான் கெம்பம்மா கூப்பிட்டார்.

பேனரைக் கடைத் தரையில் விரித்தோம். பன்னிரண்டு அடி. நான் பாராட்டுக்குத் தயாராக முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

கெம்பம்மா சிரித்துக்கொண்டேதான் பார்த்தார். கொம்பு, முகம், திமில் என்று கண் நகர்ந்தது. முதுகுக்கு வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குனிந்து அந்த இரண்டு சுருளையும் கையால் தொட்டார். போனில் கொசுவாக இருந்தது இங்கே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது.

"இது என்னா அக்கா?"

"அது... முடி. ஒரு ஸ்டைலுக்கு..."

"பாடைச் சுழி" என்றார் பாவா. சத்தம் போடவில்லை. அமைதியாகத்தான் சொன்னார். "முதுகுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் ஜோடியா. இதுக்கு வேற பேரு கெடையாது."

நானும் மாடு கட்டியிருந்த வீட்டில் பிறந்தவள்தான். மாட்டுச் சுழி பார்க்காமல் எங்கள் பக்கம் யாரும் மாடு பிடிக்க மாட்டார்கள். உடம்பில் முடி சுழித்துக்கொண்டிருக்கும் இடத்தை வைத்து நல்ல மாடு, கெட்ட மாடு என்று சொல்வார்கள். அதில் பாடைச் சுழிதான் ஆகவே ஆகாதது. அப்படிப்பட்ட மாட்டை வாங்கினால் வீட்டு எஜமானுக்கு ஆகாது, பாடை கட்ட வைத்துவிடும் என்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், வரையும்போது அது எனக்கு மாடாகவே தெரியவில்லை. என் கோடுகளைத் தொங்கவிட ஒரு கொடிக்கம்பியாகத்தான் தெரிந்தது.

பாவா போனை எடுத்து, பேனரின் முதுகை மட்டும் படம் பிடித்தார்.

"எந்தம்பி இந்த மாட்டக் குந்தாரப்பள்ளியில கன்னுக்குட்டியாப் புடிச்சாந்தான். மறு வருசம் பைக்குல போனவன் திரும்பல. மாட்டுல கோளாறு இருக்குது, வித்துரலாம்னு அன்னைக்கே சொன்னேன். இவ கேக்கல. நான் பைத்தியமாட்டம் பேசறேன்னாங்க. இப்பப் பாருங்க, படம் வரையறவங்க கண்ணுக்கே தெரிஞ்சிருக்குது."

"பாவா, பேடா, வேணாம். சுழி இல்ல. எத்தன தடவ சொல்றது?"

"விழாக் கமிட்டிக்கு இத அனுப்பறேன். அவங்க பாத்துச் சொல்லட்டும். இப்பிடி மாட்ட யாரு ஓட விடுவாங்க? விழா முடிஞ்சதும் சந்தைக்கு ஓட்டிரலாம்."

கெம்பம்மா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "எங்க வீட்டுக்காரரு கையால புடிச்சிட்டு வந்த மாடு அக்கா. முதுகுல ஒண்ணும் இல்லன்னு ஊரு பாக்கட்டும்னுதான் முதுகு தெரிய வரையச் சொன்னேன்."

மீசைக்குக் கிடைத்த டீயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் கடை வாசலில் நாலு பேர் கூடிவிட்டால், எதையாவது செய்து உடனே கூட்டத்தைக் கலைக்கப் பார்ப்பார். "அம்மா, அந்த எடத்துல வெள்ளையா ரெண்டு ஸ்டிக்கரு ஒட்டுங்க. மேல ரெண்டு நட்சத்திரம் போட்டுரலாம். முடிஞ்சுது" என்றார்.

இங்கேதான் நான் சொல்வதைக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஸ்டிக்கரைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்போது மதுரைப் பெண் என் காதருகே வந்து, "அக்கா, நாளைக்கு ஊர்ல மொத ஆளு அந்த ஸ்டிக்கரத்தான் உரிச்சுப் பாப்பான்" என்றாள். உண்மைதான். ஒட்டிய அடுத்த நிமிடம், கெம்பம்மா எதையோ மறைத்தார் என்று ஆகிவிடும். ஸ்டிக்கரைக் கீழே வைத்தேன்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தது. சுருளை மட்டும் தனியாகத் தூக்க வழியில்லை. மேலே சாம்பல் நிறம் பூசிப் பார்த்தேன். காளை முதுகில் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. வேறு வழியில்லை. முதுகு முழுவதையும் திமிலிலிருந்து வால் வரை புதிதாக வரைய வேண்டும். இத்தனை நாளாகத் தள்ளிப்போட்ட அந்த ஒரே இழுப்புக் கோட்டை, இத்தனை பேர் முன்னால்.

பேனாவை எடுத்தேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. போன் படத்தில் பார்த்ததோடு சரி, இந்த முதுகை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. மாடோ வாசலில் நிற்கிறது.

"மாட்டப் பாக்கலாமா?" என்றேன்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வெளியே போய், முதலில் சக்கரத்தின் மேல் ஏறி, பிறகு வண்டியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்து நின்றேன். என் எடைக்கு வண்டி சாய்ந்தது. தளி மின்னல் என்னைப் பார்த்து மூச்சு விட்ட விதத்தில், மீசைக்காரரை விட அதற்கு ரசனை அதிகம் என்று தெரிந்தது.

"தடவுங்க அக்கா. ஒண்ணும் பண்ணாது" என்றார் கெம்பம்மா.

திமிலுக்குப் பின்னால் கை வைத்தேன். பயத்தில் விரல் நுனியால் சின்னச் சின்னதாகத் தொட்டேன். தொட்ட இடமெல்லாம் ஈ உட்கார்ந்ததுபோலத் தோல் சிலிர்த்துத் துடித்தது.

"கிச்சுக்கிச்சு மூட்டாதீங்க அக்கா. அதுக்குப் பிடிக்காது. உள்ளங்கைய வெச்சு நீளமா, கடைசிவரைக்கும் தடவுங்க. நடுவுல நிறுத்தாதீங்க."

உள்ளங்கையை வைத்தேன். திமிலிலிருந்து வால் வரைக்கும் அது எட்ட வேண்டுமென்றால், மணிக்கட்டு போதாது. முழங்கை போதாது. தோளிலிருந்து கை மொத்தமும் போக வேண்டியிருந்தது. இழுத்துக்கொண்டே போனேன். முடி முழுக்கப் பின்னோக்கிப் படிந்து, பட்டு மாதிரி கையடியில் ஓடியது. மாடு துடிப்பதை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றது.

கீழேயிருந்து ஒரு கத்தல். "அக்கா! இதத்தான அக்கா நான் இத்தன மாசமாத் தொண்டத்தண்ணி வத்தக் கத்திட்டு இருக்கேன்! தோளு! தோள்ல இருந்து!"

"அட ஆமாம் கண்ணு" என்றேன் மேலேயிருந்து. அவள் சொன்னபோது புரியாதது, மாடு துடித்துக் காட்டியதும் புரிந்துவிட்டது. இதை அவளிடம் சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லவில்லை.

பிறகு பாவாவைக் கூப்பிட்டேன். "நீங்களும் ஏறிப் பாருங்களேன்."

அவர் வரவில்லை. தம்பி போனதிலிருந்து அந்த மாட்டைத் தொட்டதில்லை என்றார் கெம்பம்மா, தாழ்ந்த குரலில். அப்போதுதான் எனக்கு அவர் முகம் வேறு மாதிரித் தெரிந்தது. தம்பி போனதற்கு யாராவது ஒருவர் காரணமாக இருந்தாக வேண்டும் அவருக்கு. வாயில்லாத மாடு கிடைத்தது.

"நான் அந்தப் படத்துல போட்டது என் கைக் கோளாறுங்க" என்றேன். "மாட்டுல இருக்கான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். நாங்க யாரும் வாய் தொறக்க மாட்டோம்."

பாவா வண்டியருகே வந்தார். துண்டைக் கெம்பம்மாவிடம் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் ஏறினார். முதலில் கண்ணால் பார்த்தார். பிறகு கையால் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பின்னிருந்து முன்னுக்கு எதிர்வாட்டமாகத் தள்ளிப் பார்த்தார். கடைசியில் அவர் கை தேடுவதை விட்டுவிட்டு, மாட்டின் முதுகின் மேல் சும்மா கிடந்தது.

"இல்ல" என்றார். உடனே வீராப்பாக, "அப்ப படத்துல எங்கேர்ந்து வந்துச்சு?"

"வாங்க காட்டறேன்" என்று உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். பேனாவை அவர் கையில் கொடுத்தேன். ஸ்மூத்திங் நான் வைத்த உச்ச அளவிலேயே இருந்தது. "ஒரு கோடு போட்டுட்டு வெடுக்குன்னு கையத் தூக்குங்க."

கோடு போட்டார். தூக்கினார். முனை சுருண்டுகொண்டது.

இன்னொன்று போட்டார். அதுவும் சுருண்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஜோடியாக நின்றன.

மதுரைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ ஐயா, உங்க கையிலயும் பாடைச் சுழி இருக்கே! உங்களையும் சந்தைக்கு ஓட்டிறலாமா?" என்றாள்.

பாவா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சத்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அந்தப் படத்தை அழித்துவிட்டு, அழித்ததைக் கெம்பம்மாவிடம் காட்டினார்.

அதற்குப் பிறகு நான் வரைய உட்கார்ந்தேன். ஸ்மூத்திங்கைக் கீழே இழுத்தேன். முதல் கோடு திமிலைத் தாண்டி வானத்துக்குப் போனது. அழித்தேன். இரண்டாவது நடுவில் பயந்து நின்றது. பின்னால் நின்ற டீக்கடைக்காரர், "கொஞ்சம் எறக்கிப் போடுங்க அக்கா" என்றார். அவருக்குத் தெரிந்தது டீ மட்டும்தான் என்றாலும் சொன்னது சரிதான். அழித்தேன். எத்தனை அழித்தேன் என்று யாரும் எண்ணவில்லை. அழித்தால் யாரும் கேட்கப்போவதில்லை என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரிந்தது. பிறகு திரையில் வால் ஆரம்பிக்கும் இடத்தை மட்டும் பார்த்தேன். உள்ளங்கையில் இன்னும் மாட்டுச் சூடு இருந்தது. திமிலில் வைத்து, தோளிலிருந்து இழுத்து, நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை போய், கோடு முடிந்த பிறகுதான் பேனாவை மெதுவாகத் தூக்கினேன்.

கோட்டின் முனை சுருளவில்லை. கெம்பம்மா பின்னாலிருந்து "இதுதான்" என்றார்.

முதுகின் முடியையும் அப்படியே இழுத்து முடித்துவிட்டுப் புது பேனரை அச்சடித்து வண்டியில் ஏற்றினோம். வண்டி கிளம்பும்போது, தரையில் கிடந்த பழைய பேனரைப் பாவா சுருட்ட ஆரம்பித்தார். வீணான பிளக்ஸை வைக்கோல் போரை மூடக் கொண்டுபோவது நம் பக்கத்து வழக்கம்தானே.

"பாவா, அதுல பாடைச் சுழி இருக்குது. உங்க போருக்கு ஆகாது" என்றார் கெம்பம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பாவா பேனரை மெதுவாகக் கீழே வைத்தார்.

சரி, எண். ஸ்மூத்திங்கை அன்றைக்கு எதில் வைத்தேன்? சத்தியமாகப் பார்க்கவில்லை. கொஞ்சம் வையுங்கள், உங்கள் நடுக்கத்தை மட்டும் தாங்குகிற அளவுக்கு. அது உங்களுக்குப் பதிலாக வரைய ஆரம்பித்துவிட்டால் குறைத்துவிடுங்கள். யார் படத்தை வரைகிறீர்களோ, அவருக்கு அந்தப் படத்தால் என்ன ஆக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதற்காகவா இவ்வளவு நேரம் உட்கார வைத்தாய் என்று நினைப்பீர்கள். ஆமாம்.

மறுநாள் நானும் மதுரைப் பெண்ணும் பஸ் ஏறி விழாவுக்குப் போனோம். ஊர் நுழைவாயிலிலேயே பேனர். மின்னல் நன்றாக அடித்திருந்தது. முதுகு வழவழவென்று ஓடியது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே இழுப்பில் இழுத்த பெருமையில், எங்கே முடிக்க வேண்டுமோ அங்கேயிருந்து இன்னும் கொஞ்சம் தாராளமாகவே போயிருக்கிறேன். கடையில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. பேனர் ரோட்டோரம் நிமிர்ந்து நிற்கும்போதுதான் தெரிந்தது.

நிஜ தளி மின்னல் அன்றைக்குப் பரிசு எதுவும் வாங்கவில்லை. பாதித் தூரம் பாய்ந்து போய், தடுப்புக் கட்டையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மடியில் இருந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று நின்று மோந்து பார்த்துவிட்டுப் பிறகு சாவகாசமாகப் போனது. கடைசியில் அதைப் பிடித்துக் கட்ட ஓடிய ஆட்களில் முன்னால் ஓடியவர் பாவா.

திரும்பி வரும்போது பேனருக்குக் கீழே இளவட்டங்கள் கூடி நின்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். "இன்னாக்கா இது, மாடா டவுன் பஸ்ஸா? இம்மா நீட்டு முதுகு!" என்று ஒருவன் கெம்பம்மாவைக் கேட்டான். நான் மதுரைப் பெண்ணின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கெம்பம்மா இடுப்பில் கை வைத்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"நீட்டுத்தான். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நல்லாத் தேடிப் பாரு. ஒரு சுழி காட்டு பாக்கலாம்!"